முந்தைய தலைமுறைப் பிரசங்கியாரிடம் கற்க விரும்புகிறவர்களுக்கு: வடசென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

வியாசர்பாடியில் எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் செய்தி கொடுக்கும்படி ஆயர் முதன்முறை என்னிடம் சொன்னபோது, எனக்குத் தெரிந்த ஒரே வழி, முந்தின இரவு கைபேசியில் மூன்று பேருடைய செய்திகளைக் கேட்டு, அவற்றைக் கலந்து பேசுவதுதான். இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓடின. ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் மூப்பர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இது உள்ளே ஊறி வந்த பேச்சு இல்லையேப்பா" என்று மெதுவாகச் சொன்னார். அன்றுதான் நமக்கு முன் ஓடி முடித்தவர்கள் எப்படித் தயாரித்தார்கள், எப்படிப் பேசினார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று முறையாகக் கற்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

அந்த எண்ணம் செயலாவதற்கு நான் வீணடித்த காலமும் பணமும் அதிகம். படிக்காமலே அடுக்கி வைத்த புத்தகங்கள், என் கையாலேயே கெடுத்த கேசட்டுகள், உரிய கடிதம் இல்லாமல் போய்த் திரும்பி வந்த நூலகப் படிகள் என்று அந்தப் பட்டியல் நீளும். அதே முயற்சியில் இறங்கும் உங்களுக்கு அந்த அலைச்சல் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இறையியல் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு ஆசிரியர் இருக்கிறார்கள். இது வேலைக்குப் போய்க்கொண்டே சபையில் ஊழியம் செய்கிறவர்களுக்கானது.

1. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

பத்துப் பேரை ஒரே நேரத்தில் தொடங்குகிறவர் ஒருவரிடமும் கற்பதில்லை. முதல் ஆறு மாதங்களுக்கு ஒரே ஒரு பிரசங்கியாரை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கும்முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அவருடைய ஓட்டம் முடிந்துவிட்டதா? வெட்டப்படாத முழுச் செய்திகள் பத்தாவது கிடைக்குமா? அவரை நேரில் கேட்டவர் ஒருவராவது இன்று இருக்கிறாரா, அல்லது அவரே பார்த்துத் திருத்திய அச்சுப் பிரதியாவது இருக்கிறதா? முதல் கேள்விக்குக் காரணம் எபிரெயர் 13:7. "அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து, அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றுங்கள்" என்று அங்கே எழுதியிருக்கிறது. உயிரோடு ஊழியம் செய்துகொண்டிருப்பவருடைய நடக்கையின் முடிவை இன்று யாரும் பார்க்க முடியாது.

கிடைக்கும் பொருளின் தன்மை ஆளுக்கு ஆள் மாறும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். லண்டனில் ஊழியம் செய்த ஸ்பர்ஜனுடைய பிரசங்கங்கள் 1855 முதல் 1917 வரை வாரந்தோறும் வெளிவந்து 63 தொகுதிகளாக நிற்கின்றன. அவர் இறந்தது 1892-இல், அதன் பிறகும் கால் நூற்றாண்டு அச்சாகிக்கொண்டே இருந்தன. ஆனால் மேடைக்கு அவர் எடுத்துச் சென்றது ஒரு சிறு குறிப்புத்தாள் மட்டுமே. சுருக்கெழுத்தாளர் எடுத்த பிரதியைத் திங்கட்கிழமை உட்கார்ந்து திருத்திக் கொடுப்பார். வியாழக்கிழமை அது விற்பனைக்கு வரும். எனவே நீங்கள் அச்சில் படிப்பது அவர் மேடையில் பேசிய பேச்சு அப்படியே அல்ல. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் பிரசங்கங்களில் பலவற்றை வாசிப்பதற்கென்றே எழுதி வெளியிட்டார். இந்த வேறுபாட்டை அறியாமல் அச்சுநடையை மேடையில் பேசப்போனால், கேட்பவர்களுக்கு மூச்சு முட்டும்.

ஒலிப்பதிவாகக் கிடைப்பவர்களிடம் வேறொரு கவனம் வேண்டும். 1941-இல் சென்னையில் யெகோவா ஷம்மா சபையைத் தொடங்கிய பக்த்சிங் பஞ்சாபைச் சேர்ந்தவர்; தமிழ்க் கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினார். அந்தப் பதிவுகளில் நீங்கள் கேட்பது இரண்டு பேரை. வாக்கியங்கள் குறுகி நிற்பதற்கும், ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் மொழிபெயர்ப்பும் ஒரு காரணம் என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள். எமில் ஜெபசிங் போன்றவர்களின் வானொலிச் செய்திகள் குறித்த நேரத்துக்குள் அடங்கும்படி தயாரிக்கப்பட்டவை. அவற்றில் சிக்கனத்தைக் கற்கலாம். மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடத்தும் விதத்தை அவற்றிலிருந்து கற்க முடியாது.

என் அனுபவத்தில் இந்தப் புகழ்பெற்றவர்களைவிட அதிகம் கற்றுத் தந்தவர், தண்டையார்பேட்டையிலும் இராயபுரத்திலும் ஊழியம் செய்து ஓய்வுபெற்று இறந்துபோன, ஊருக்கு வெளியே யாரும் அறியாத ஓர் ஆயர்தான். அவர் பேசிய தெரு எனக்குத் தெரியும்; கேட்டவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். உங்கள் சபையிலும் அப்படி ஓர் ஆயரோ, உபதேசியாரோ, வீடு வீடாகப் போன ஒரு வேதாகம ஸ்திரீயோ இருந்திருப்பார். அவர்களை முதலில் தேடிப் பாருங்கள்.

2. எந்த வேதாகமத்திலிருந்து பேசினார் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

இது சிறிய காரியமாகத் தோன்றும்; ஆனால் இதில் நான் இரண்டு மாதங்களை இழந்தேன். ஒரு பழைய லூத்தரன் பிரசங்கப் புத்தகத்தில் வசனங்கள் நம் வேதாகமத்தோடு பொருந்தாததைக் கண்டு, ஆசிரியர் நினைவிலிருந்து தவறாக எழுதிவிட்டார் என்று ஓரத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டே போனேன். தவறு என்னுடையது. அவர் மேற்கோள் காட்டியது, நம் வேப்பேரியில் பல ஆண்டுகள் தங்கி உழைத்த ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிஷியஸின் மொழிபெயர்ப்பு.

பதிப்பை அடையாளம் காண எளிய வழி, கடவுளைக் குறிக்கும் சொல்லைப் பார்ப்பது. அவருக்கு முன் தரங்கம்பாடியில் ஊழியம் செய்த மிஷனரி சீகன்பால்கின் எழுத்துகளில் 'சருவேசுரன்' வரும். ஃபப்ரிஷியஸிடம் 'பராபரன்' வரும். ஹென்றி பவர் முன்னின்று செய்து 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பில், அதாவது இன்று பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகள் கையில் வைத்திருக்கும் வேதாகமத்தில், 'தேவன்' வரும். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'கடவுள்' என்று இருக்கும். 1871-க்குப் பிறகும் லூத்தரன் சபையார் ஃபப்ரிஷியஸின் வேதாகமத்தை விட்டுவிடவில்லை என்பதால், அச்சிட்ட ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

எழுத்தும் உங்களைத் தடுக்கும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும்முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் வேறு வடிவில் இருக்கும். ஒரு வாரம் தினமும் நான்கு பக்கம் வாய்விட்டு வாசித்தால் கண் பழகிவிடும். ஆண்டுகள் சில இடங்களில் தமிழ் எண்களில் இருக்கும். ௲௮௱௯௰௪ என்று கண்டால், ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, நான்கு என்று பிரித்துப் படியுங்கள், அது 1894. இந்தக் குறியீடுகளை ஓர் அட்டையில் எழுதி நோட்டுப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

3. ஆவணங்களைத் தயார் செய்துவிட்டுப் படி ஏறுங்கள்

சென்னையில் ஒரு நூலகத்துக்கு முதன்முறை போனபோது, என் கையில் ஆதார் அட்டை மட்டுமே இருந்தது. திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை ஆயரின் கடிதத்தோடு போனேன். அதில் சபையின் முத்திரை இல்லை என்று மீண்டும் திருப்பினார்கள். அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு போயிற்று. நீங்கள் போகும்போது பின்வருவனவற்றை ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்: சபையின் கடிதத்தாளில், முத்திரையும் தேதியும் கையெழுத்தும் உள்ள ஆயரின் அறிமுகக் கடிதம் மூன்று பிரதிகள், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு, யாரைப் பற்றி, எந்த ஆண்டுகளுக்குள், எதற்காகத் தேடுகிறீர்கள் என்று அரைப் பக்கத்தில் நீங்களே எழுதிய விவரம். பென்சில் கொண்டுபோங்கள், பழைய தாள்கள் உள்ள இடங்களில் பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.

எங்கே போவது என்பதற்கு நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் உங்கள் சபையின் வெஸ்ட்ரி அறை, அதாவது ஆலயத்தோடு ஒட்டிய அலுவல் அறை. நூற்றாண்டு மலர், பழைய சபைப் பத்திரிகை, கன்வென்ஷன் கைப்பிரதி ஆகியவை அங்கே ஏதோ ஓர் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும். அடுத்து பார்க் டவுனில் உள்ள கிறிஸ்தவ இலக்கியச் சங்கம்; இன்னும் விற்பனையில் இருக்கும் பழைய நூல்களை அங்கே வாங்கலாம். கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரி நூலகம் இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா பொது நூலகம், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதியைப் பெறும் நூலகங்களில் ஒன்று என்பதால், அதன் பிறகு வந்த கிறிஸ்தவ நூல்களை அங்கே தேடலாம். பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மிஷனரி காலத்து ஆவணங்கள் தேவைப்பட்டால் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம். சென்ட்ரலைச் சுற்றியுள்ள மூர் மார்க்கெட் பழைய புத்தக வியாபாரிகளை மறந்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் பெரியவர் இறந்து பொருள்களை எடைக்குப் போடும்போது, அவருடைய பிரசங்கக் குறிப்புகள் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. "பழைய கிறிஸ்டியன் நோட்டு, கேசட்டு வந்தா எடுத்து வைங்கண்ணா" என்று சொல்லிக் கைபேசி எண்ணைக் கொடுத்து வைத்தால், அவர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

எந்த இடத்துக்கும் முதலில் தொலைபேசியில் பேசி, வேலை நேரம், கட்டணம், படம் எடுக்க அனுமதி உண்டா என்ற மூன்றையும் கேட்டுவிட்டே கிளம்புங்கள். அனுமதி இல்லாமல் கைபேசியில் படம் எடுக்காதீர்கள். உங்களுக்குப் பின் வருகிற நான்கு பேருக்கும் கதவு அடைபடும். சபை அலுவலகத்தை அணுக, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம், அறுப்பின் பண்டிகை வாரம், டிசம்பர் முழுவதும் ஆகியவற்றைத் தவிருங்கள். செவ்வாய், புதன் காலை நேரம்தான் ஆயரும் செயலாளரும் நிதானமாகப் பேசக்கூடிய நேரம்.

ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் கேட்காதீர்கள். அவற்றில் பிறருடைய குடும்ப விவரங்கள் இருக்கின்றன. பிரசங்கம் கற்க அவை உங்களுக்குத் தேவையே இல்லை.

4. கேசட்டுகளைக் காப்பாற்றுங்கள்

வடசென்னையில் முந்தைய தலைமுறையின் செய்திகள் அதிகம் தங்கியிருப்பது கேசட்டுகளில்தான். கன்வென்ஷன் பந்தலில் முன்வரிசையில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த அம்மாமார்கள் இன்றும் பீரோவின் மேல்தட்டில் அவற்றை வைத்திருக்கிறார்கள். கடற்காற்றின் உப்பும் ஈரமும் அவற்றை ஒவ்வொரு நாளும் தின்றுகொண்டிருக்கின்றன. ஆகவே மற்ற எல்லாப் படிகளையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு நீர் நின்றது. தண்டையார்பேட்டை அம்மா ஒருவர் என்னை நம்பிக் கொடுத்திருந்த 38 கேசட்டுகள் கீழ் அலமாரியில் இருந்தன. நீர் வடிந்ததும் அவற்றை அப்படியே மொட்டைமாடியில் வெயிலில் காய வைத்தேன். நாடா சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. 21 கேசட்டுகள் போயின. பிறகு விசாரித்துத்தான் அறிந்தேன்: சேற்று நீர் புகுந்த கேசட்டைச் சுத்தமான நீரில் மெதுவாக அலச வேண்டும், நிழலில், மின்விசிறிக் காற்றில் பல நாள் உலர விட வேண்டும், வெயிலும் ஹேர் டிரையரும் ஆகாது. அந்த 21-இல் ஐந்து, அந்த ஆயர் யோவான் சுவிசேஷத்தைத் தொடர்ந்து போதித்த இரவுகள்; வேறு எவரிடமும் அவற்றின் பிரதி இல்லை.

கேசட் கைக்கு வந்ததும் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. பெட்டியின் கண்ணாடி வழியாக நாடாவைப் பாருங்கள்; விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம், அதை மற்ற கேசட்டுகளோடு வைக்காதீர்கள், சுத்தம் செய்யாமல் இயக்காதீர்கள். நாடாவைப் பிளேயரில் ஒலியை வாசிக்கும் தலைப்பகுதியோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு விழுந்துபோயிருந்தால் சத்தம் மங்கலாகக் கேட்கும். ஐந்து திருகாணி போட்ட பெட்டியானால் திறந்து, நாடாச் சுருள்களை எடுத்து ஒரு புதிய வெற்றுக் கேசட்டின் பெட்டிக்குள் மாற்றலாம். முதல் தடவை இயக்கும்முன் முழுவதும் ஒருமுறை முன்னே ஓட்டிப் பின்னே சுற்றினால் இறுகிய நாடா தளரும். ஒவ்வொரு மூன்று கேசட்டுக்கும் ஒருமுறை, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பிளேயரின் தலைப்பகுதியைத் துடையுங்கள். பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

பதிவு செய்ய, நல்ல நிலையில் உள்ள பழைய பிளேயர் ஒன்றும், லைன்-இன் துளை உள்ள சிறிய யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றும், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளும் போதும். கேசட்டை நேரடியாகக் கணினிக்கு மாற்றித் தரும் என்று விற்கப்படும் மலிவான வாக்மேன்கள் சீரான வேகத்தில் ஓடுவதில்லை. அப்படி ஒன்றில் நான் ஏற்றிய செய்தியில் பிரசங்கியாரின் குரல் சிறுவன் குரல்போல் ஆகிவிட்டது. மூலப் பிரதியை வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் மோனோவில் ஏறத்தாழ 317 எம்பி ஆகும். எம்பி3 பிரதியைப் பகிர்வதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். இரைச்சலை நீக்கும் வசதியை மூலப் பிரதியில் தொடவே தொடாதீர்கள். இரைச்சலோடு சேர்ந்து சபையார் "ஆமென்" சொல்வதும், பின்னால் ரயில் போவதும், அவர் பேச்சை நிறுத்தி ரயில் கடந்துபோகக் காத்திருப்பதும் போய்விடும்.

கடைசியில் சொல்கிறேன், ஆனால் முதலில் செய்ய வேண்டியது: கேசட்டைக் கொடுப்பவர் முன்னிலையிலேயே எண்ணிக்கையை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒரு செய்தியைக் கையால் எழுதுங்கள்

கேட்டுக்கொண்டே பேருந்தில் போவது கற்பதல்ல. ஒரு செய்தியைச் சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்க்கும்போதுதான் அது எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியும். கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம் என்றால், எனக்கு ஐந்து மாலைகள் ஆகின்றன, மாலைக்கு ஒன்றரை மணி நேரம் வீதம். கோடு போட்ட நோட்டில் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: இடப்பக்கம் நிமிடம், நடுவில் பேச்சு, வலப்பக்கம் அவர் என்ன செய்கிறார் என்ற உங்கள் குறிப்பு. மௌனத்தையும் விநாடிக் கணக்கில் எழுதுங்கள்.

நான் சொன்ன ஆயர் காசிமேட்டில் ஒரு மாலைக் கூட்டத்தில் லூக்கா 5-ஆம் அதிகாரத்தைப் பேசிய கேசட் என்னிடம் இருக்கிறது. பேதுரு திரளான மீனைப் பிடித்த அந்தப் பகுதியில் எல்லாரும் மீனைப் பற்றியே பேசுவார்கள். இவரோ இரண்டாம் வசனத்தில் "வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள்" என்ற இடத்தில் நின்றுவிடுகிறார். பதினொரு நிமிடம் அதை விட்டு நகரவே இல்லை. இராமுழுவதும் ஒன்றும் அகப்படாதவன் வலையை ஏன் அலசுகிறான் என்று கேட்கிறார். ஏழு விநாடி மௌனம். பந்தலில் ஒரு குழந்தை அழுவது கேட்கிறது. "நாளைக்கும் கடலுக்குப் போகணும்னு நெனைக்கிறவன்தான்யா அலசுவான்" என்கிறார். பிறகு வலையில் ஒட்டிய பாசியை எடுப்பது, அறுந்த கண்ணியைத் தைப்பது என்று, கேட்பவர்கள் அன்று காலைதான் செய்துவிட்டு வந்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அந்தப் பதினொரு நிமிடத்தில் வேறொரு வசனத்துக்கும் அவர் போகவில்லை, ஒரு கதையும் சொல்லவில்லை.

மூன்று முறை கேட்டபோது எனக்குப் பிடிபடாதது, எழுதியபோதுதான் பிடிபட்டது. முதல் நான்கு நிமிடத்தில் வலையைப் பற்றி அவர் கேட்கும் சிறு கேள்விகளுக்கெல்லாம் பின்னால் பதில் வருகிறது. ஒன்றையும் அவர் தொங்கலில் விடவில்லை. இப்படிப் பன்னிரண்டு செய்திகளை எழுதி முடித்தபின், ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கத்தில் எலும்புக்கூடு ஒன்று எழுதுங்கள்: வசனம், கேள்வி, திருப்பம், கடைசியில் கேட்பவரிடம் அவர் கேட்டுக்கொள்வது. அந்தப் பன்னிரண்டு அரைப் பக்கங்களையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தால் அவருடைய பழக்கங்கள் தெரியும், பலவீனங்களும் தெரியும்.

6. நேரில் கேட்டவர்களிடம் போங்கள்

இதற்குச் செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே. ஆனால் காலம் உங்கள் கையில் இல்லை. எண்பதைக் கடந்தவர்களை முதலில் பாருங்கள். மதியத் தூக்கம் முடிந்து, நான்கு மணிக்கு மேல் தேநீர் வேளையில் போவது நல்லது. பெண்கள் மட்டும் இருக்கும் வீடானால் உங்கள் வீட்டுப் பெண்களில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பதிவு செய்யலாமா என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகே கைபேசியை வெளியே எடுங்கள்.

"அவர் எப்படிப் பேசுவார்?" என்று கேட்டால் "அருமையாய்ப் பேசுவார்" என்பதோடு பதில் முடிந்துவிடும். "அவர் செய்தி கேட்ட மறுநாள் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். எனக்குக் கேசட் கொடுத்த அம்மாவிடம் இப்படிக் கேட்டபோது, அவர் சற்று யோசித்துவிட்டு, "மறுநாளா? மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தாருப்பா. எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டுப் படுத்திருந்தாரு. எழுப்பாதீங்கம்மான்னு சொல்லிட்டு, திண்ணையில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு" என்றார். அவருடைய செய்திகளில் வீட்டுக்காரர்களைத் திட்டும் ஒரு வரிகூட ஏன் இல்லை என்பது அன்று எனக்கு விளங்கியது. கேசட்டில் இது கிடைக்காது.

ஆனால் நினைவு பெருகும் தன்மையுடையது. கூட்டத்தின் அளவு, நடந்த அற்புதம், ஆண்டு ஆகிய மூன்றையும் குறைந்தது இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, முடிந்தால் ஒரு கைப்பிரதியோடும் ஒப்பிட்டு எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை "இன்னார் நினைவுப்படி" என்று குறித்து வையுங்கள்.

7. வேதத்தோடு வைத்துச் சோதியுங்கள்

பழையவர் என்பதாலேயே ஒருவர் சரியானவர் ஆகிவிடமாட்டார். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 சொல்கிறது. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும், அவர் எடுத்த வசனத்தின் முன்னும் பின்னும் ஓர் அதிகாரம் வாசித்து, அவர் சொன்ன பொருளை அந்த இடம் தாங்குகிறதா என்று பாருங்கள்.

குறிப்பாகச் சாதி குறித்துக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் நம் வேப்பேரியிலும் சபையாரில் பலர் அதை எதிர்த்து விலகினார்கள். எதிர்த்தவர்களில் நாம் இன்றும் அன்போடு பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய பாடலிலிருந்து நான் கற்கிறேன். இந்தக் காரியத்தில் அவர் நின்ற இடத்தில் நிற்க மாட்டேன். இரண்டையும் நோட்டில் எழுதிவைக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் பெரியவர்கள் பெயரில் வரும் ஒற்றை வரிகளை நம்பிப் பிரசங்க மேடையில் சொல்லாதீர்கள். எந்தச் செய்தி, எந்தப் பக்கம் என்று காட்ட முடியாததை நான் சொல்வதில்லை.

8. செலவும் காலமும்

எனக்கு ஆன செலவு: மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பிளேயர் 1,800 ரூபாய், அதற்கு பெல்ட் மாற்ற 350, சவுண்ட் கார்டு 900, வெளிப்புற ஹார்டு டிஸ்க் 4,200, ஆல்கஹாலும் பஞ்சும் 150, வெற்றுக் கேசட்டுகள் ஆறு 240, ஜெராக்ஸ் 600, போக்குவரத்து 700. மொத்தம் 8,940 ரூபாய். ஒலிப்பதிவு வேண்டாம், அச்சு மட்டும் போதும் என்பவர்களுக்கு இதில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பிளேயர் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

காலக் கணக்கு இப்படி: ஒரு மணி நேரச் செய்திக்குப் பத்து மாலைகள்; பன்னிரண்டு செய்திகளுக்கு 120 மாலைகள்; வாரத்துக்கு ஐந்து மாலை வீதம் ஏறத்தாழ ஆறு மாதம். ஜனவரியில் தொடங்கினால் ஜூலைக்குள் முடித்து, மழைக்காலத்துக்குமுன் கேசட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

9. காப்புரிமையும் திருப்பிக் கொடுத்தலும்

இந்தியச் சட்டப்படி நூலுக்குக் காப்புரிமை, ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பேராயர் அசரியா 1945-இல் இறந்தார். அவர் வாழ்நாளில் வெளிவந்தவை 2005 முடிவோடு பொதுவாகிவிட்டன. வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு, வெளிவந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. எனவே 1985-இல் விற்பனைக்கு வந்த கேசட் 2045 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. ஸ்பர்ஜன் பொதுவானவர் என்பதால் அவருடைய அண்மைக்காலத் தமிழ் மொழிபெயர்ப்பும் பொதுவானது என்று எண்ணாதீர்கள். சொந்தப் படிப்புக்குப் பயன்படுத்துவதில் தடையில்லை. யூடியூபில் ஏற்றுவதானால் பிரசங்கியாரின் குடும்பத்தாரிடமோ வெளியிட்ட ஊழியத்திடமோ எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாயால் சொன்ன சம்மதம் பிள்ளைகள் காலத்தில் நிற்காது.

உங்கள் செய்தியில் அவருடைய விளக்கத்தை எடுத்தாண்டால் பெயரைச் சொல்லியே எடுத்தாளுங்கள். குரலையும் இழுவையையும் எடுக்காதீர்கள்; அவரைக் கேட்டவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.

பதிவு முடிந்ததும் கேசட்டுகளை எண்ணிக்கைப்படி திருப்பிக் கொடுங்கள். அதோடு ஒரு பென் டிரைவில் எல்லாச் செய்திகளையும் போட்டு, தேதி, இடம், வசனம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட பட்டியலோடு கொடுங்கள். இன்னொரு பிரதியை வெஸ்ட்ரியில் ஒப்படைத்து, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரியவர்கள் வீட்டில் கணினி இருக்காது. பென் டிரைவ் செருகக்கூடிய சிறிய ஸ்பீக்கர் ஒன்றைச் சபையிலிருந்து வாங்கிக் கொடுக்க முடிந்தால் நல்லது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதற்கு அதன்மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி, அவரையே இரண்டு முறை அழுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.